தோற்றவனுக்காக அழுத புலவரும் கருவூர் வேந்தனும்

சீனத்தை முதன்முதலாக ஒரே ஆட்சியின் கீழ்க் கொண்டுவந்த சின் ஷி ஹுவாங் கி.மு. 259-இல் பிறந்தான். 13 வயதில் சின் நாட்டுக்கு அரசனானான். கி.மு. 221-இல் மற்ற ஆறு நாடுகளையும் வென்று முடித்துப் பேரரசன் என்ற பட்டத்தைச் சூட்டிக்கொண்டான். கி.மு. 210-இல் நாட்டைச் சுற்றிவரும் வழியில் இறந்தான். 1974-இல் கிணறு தோண்டிய உழவர்கள் கையில் தட்டுப்பட்ட அவனுடைய சுடுமண் படையைப் பார்க்க இன்று உலகம் முழுவதிலிருந்தும் மக்கள் சியான் நகருக்குப் போகிறார்கள்.

இன்றைய கரூரான கருவூரில் இருந்துகொண்டு கொங்கு நாட்டை ஆண்ட சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறைக்கு இப்படி ஆண்டுவாரியான கணக்குக் கிடையாது. 17 ஆண்டு அரசு வீற்றிருந்தான் என்ற ஒற்றை எண்தான் ஏட்டில் நிற்கிறது. ஆனால் கோபம் வரவேண்டிய இடத்தில் அவன் என்ன செய்தான், யாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டான், அவன் வென்ற போரைப் பற்றி அவனுடைய புலவரே என்ன சொன்னார் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். பிறந்த தேதியைவிட இது பெரிய செய்தி. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் காங்கேயம் பக்கத்துக்காரி. அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். புறநானூறு நடத்தும்போதெல்லாம் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை எழுந்து கேட்கும்: "ஏனுங்கம்மா, நம்ம பக்கம் ராஜாவே இருந்ததில்லைங்களா?" தஞ்சாவூருக்குச் சோழன், மதுரைக்குப் பாண்டியன், காஞ்சிக்குப் பல்லவன், சேரன் என்றால் பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் என்று பிள்ளைகள் மனதில் பதிந்துபோயிருக்கிறது. "இருந்தாங்க கண்ணு, நம்ம கரூர்லயே இருந்தாங்க" என்று சொல்லித்தான் நான் பாடத்தைத் தொடங்குவேன்.

பாட்டு, கல், காசு

இந்த அரசனைப் பற்றிய முதல் சாட்சி பதிற்றுப்பத்து. சேர மன்னர் பத்துப் பேரைப் பத்துப் புலவர்கள் ஆளுக்குப் பத்துப் பாட்டாகப் பாடிய நூல் அது. முதல் பத்தும் பத்தாம் பத்தும் காலத்தில் போய்விட்டன. மிஞ்சிய 80 பாட்டை உ.வே. சாமிநாதையர் 1904-இல் அச்சில் கொண்டுவந்தார். ஒவ்வொரு பத்தின் இறுதியிலும் பதிகம் என்று ஒரு குறிப்பு இருக்கும். மன்னனின் தாய் தந்தை யார், அவன் செய்த பெருஞ்செயல்கள் எவை, புலவர் பெற்ற பரிசு என்ன, எத்தனை ஆண்டு ஆண்டான் என்பதையெல்லாம் அது சுருக்கமாகச் சொல்லும்.

ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்துகள் மூன்றும் கொங்கோடு ஒட்டி வாழ்ந்த இரும்பொறை மரபினரைப் பாடுகின்றன. கபிலர் பாடிய செல்வக்கடுங்கோ வாழியாதன் 25 ஆண்டு ஆண்டான். அவன் மகன்தான் நம் பெருஞ்சேரல் இரும்பொறை; அவனைப் பாடியவர் அரிசில்கிழார். அடுத்து வந்த இளஞ்சேரல் இரும்பொறை 16 ஆண்டு. அவனைப் பாடியவர் பெருங்குன்றூர்கிழார்.

புலவர் பாட்டில் புகழ்ச்சி இருக்கும், அதை எப்படி நம்புவது என்று கேட்பவர்களை நான் வேலாயுதம்பாளையத்துக்குக் கூட்டிப்போவேன். கரூரில் இருந்து புகழூர் வழியாகப் போனால் ஆறுநாட்டார் மலை. மேலே முருகன் கோயில். சுற்றிலும் வெற்றிலைக் கொடிக்கால், வாழைத் தோட்டம், கொஞ்சம் தள்ளிக் காவிரி. கோயிலுக்குப் போகிறவர்களில் பலர் பார்க்காமலே கடந்துபோகும் பாறைக் குகைத்தளம் ஒன்று அந்த மலையில் இருக்கிறது. சமணத் துறவிகள் படுப்பதற்காகப் பாறையிலேயே செதுக்கிய படுக்கைகள் அங்கே வரிசையாக உள்ளன. தலை வைக்கும் இடம் மட்டும் சற்றே மேடாக இருக்கும். உள்ளங்கையை வைத்துத் தடவினால் படுக்கை வழவழவென்று இருக்கும். விரல் எழுத்து இருக்கும் இடத்துக்கு வந்ததும் லேசாகப் பள்ளத்தில் இறங்கும். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பார்த்தால்தான் எழுத்து முழுசாகக் கண்ணுக்குத் தெரியும்.

அந்தத் தமிழ் பிராமிக் கல்வெட்டில் ஓர் அரச குடும்பத்தின் மூன்று தலைமுறை இருக்கிறது. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ. பேரன் இளவரசுப் பட்டம் ஏற்றபோது யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்ற மூத்த துறவிக்கு இந்த உறைவிடத்தை வெட்டிக்கொடுத்தான் என்பது செய்தி. 1960களில் ஐராவதம் மகாதேவன் இதைப் படித்து விளக்கியபோது, ஏட்டில் மட்டுமே வாழ்ந்த இரும்பொறை மரபுக்குப் பாறையில் ஒரு முகவரி கிடைத்தது. செல்லிரும்பொறையே செல்வக்கடுங்கோ, பெருங்கடுங்கோனே பெருஞ்சேரல் இரும்பொறை என்று கொள்ளும் அறிஞர்கள் பலர். பாலைத்திணை பாடிய பெருங்கடுங்கோ என்ற புலவனே அவன் என்பாரும் உண்டு. எப்படியானாலும், ஆதன், இரும்பொறை, கடுங்கோ என்ற பெயர்கள் கரூருக்குக் கூப்பிடு தூரத்தில், அரசகுலத்தார் சொல்லி வெட்டிய கல்லில் நிற்கின்றன. அதே மலையில் இன்னொரு படுக்கையைச் செய்துகொடுத்தவன் கருவூரைச் சேர்ந்த பொன் வணிகன். அரசனும் வணிகனும் அருகருகே பெயர் பொறித்துக்கொண்ட பாறை அது.

மூன்றாவது சாட்சி காசு. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்கள் கையில் கிடைத்த சிறிய சேரர் காசுகள் நாணயம் சேர்ப்பவர்களிடமும் ஆய்வாளர்களிடமும் வந்து சேர்ந்தன. சேரரின் வில்லும் அம்பும் பொறித்தவை அவற்றில் உண்டு. மாக்கோதை என்ற பெயரோடு மன்னனின் தலை பொறித்த வெள்ளிக் காசு உண்டு. கொல்லியின் பெயரையும் பொறையன் என்ற குலப்பெயரையும் சேர்த்துப் பொறித்த காசும் உண்டு. கொல்லிமலை இரும்பொறைகளின் கையில் இருந்தது என்று பாட்டுச் சொன்னதை அந்தக் காசு உறுதி செய்கிறது.

வெளியூர்ச் சாட்சியும் ஒன்று இருக்கிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் நில நூல் எழுதிய தாலமி, சேர அரசனின் தலைநகர் கரூரா என்று குறித்திருக்கிறார். சேரரின் தலைநகரான வஞ்சி என்பது கரூரா, கொடுங்கல்லூரா என்று தமிழறிஞர்கள் நெடுங்காலம் வழக்காடினார்கள். புகழூர்க் கல்லும் அமராவதிக் காசும் கரூரின் பக்கத்தை வலுவாக்கிவிட்டன.

மாடு பரந்த மேட்டு நிலம்

அவன் ஆண்ட கொங்கு எப்படி இருந்தது? இதற்கும் பதிற்றுப்பத்தே பதில் சொல்கிறது. வேறொரு சேரக் கிளையைச் சேர்ந்த பல்யானைச் செல்கெழு குட்டுவன் கொங்கைச் சேர நாட்டோடு சேர்த்ததை மூன்றாம் பத்து பாடுகிறது. அங்கே கொங்கர் என்றாலே மாடு உடையவர்கள். குந்தாலி போட்டுக் குழிதோண்டிய கிணறு, அதில் கொஞ்சமாக ஊறும் தண்ணீர், அதை மொண்டெடுக்கக் கயிறு கட்டிய சின்னச் சின்ன முகவைகளோடு மொய்க்கும் கூட்டம். நூறடி வெட்டியும் தண்ணீர் காணாத கிணறுகளை அறிந்த நம்மவர்களுக்கு இந்தப் பாட்டுக்கு உரை தேவைப்படாது.

பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடும் எட்டாம் பத்தில் எனக்கு மிகப் பிடித்த பாட்டு 77-ஆவது. வழிப்போக்கர்கள் கேட்கிறார்கள்: பொறையனின் படை எவ்வளவு பெரிது? புலவர் சொல்கிறார்: தேரையும் குதிரையையும் ஆளையும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் யானைகளைப் பார்த்தேன். பரற்கல் நிறைந்த மேட்டு நிலத்தில் கொங்கரின் மாடுகள் பரந்து போவதுபோல அவை போய்க்கொண்டிருந்தன. அந்த யானைகள் கட்டுத்தறிக்கு அடங்காதவை. உயரே பறக்கும் பருந்தின் நிழல் தரையில் விழுந்தால் அந்த நிழலைக்கூட முட்டப் பாய்பவை.

எங்கள் அப்பாருவுக்குக் கொறங்காடு இருந்தது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல், காலில் குத்தும் சரளை. காலையில் படலைத் திறந்துவிட்டால் மாடுகள் வரிசையாகப் போகாது. ஒவ்வொன்றும் தனித்தனியாக, தலையைக் குனிந்தபடி, ஒன்றுக்கொன்று இடம் விட்டுப் பரவும். நடப்பதே தெரியாது. அரைமணி கழித்துப் பார்த்தால் மொத்த மந்தையும் காட்டின் அடுத்த கோடிக்கு நகர்ந்திருக்கும். யானைப் படையைச் சொல்ல வந்த அரிசில்கிழார் அவசரத்தையும் ஆரவாரத்தையும் விட்டுவிட்டு, இந்த நிதானமான பரவலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். எதிரிக்கு எது அச்சம் தரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இப்படி ஒரு காட்டோரத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் அந்தச் சொல் வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். காங்கேயம் காளையின் திமிலைப் பார்த்துப் பெருமைப்படுகிற நாம், நம் மேய்ச்சல் காடு சங்கப் பாட்டில் ஒரு பேரரசின் படைக்கு அளவுகோலாக நிற்பதையும் அறிந்திருக்க வேண்டாமா?

மாட்டோடு சேர்ந்து மணியும் இருந்தது. எட்டாம் பத்தின் 74-ஆவது பாட்டு, கொடுமணத்தில் செய்த வேலைப்பாடு மிக்க அணிகலன்களையும் பந்தர் என்னும் ஊரின் முத்துகளையும் குறிப்பிடுகிறது. அந்தக் கொடுமணம்தான் சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கும் கொடுமணல். 1980களில் தொடங்கிப் பேராசிரியர் கா. ராஜன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கே தோண்டத் தோண்ட, பாட்டில் இருந்த ஊர் மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வந்தது. பச்சைக்கல், பளிங்கு, சூதுபவளம் எல்லாவற்றையும் அறுத்து, தேய்த்து, துளையிட்டு மணி செய்த பட்டறைகள். மணியாக முடியாமல் பாதியில் உடைந்த கற்கள். இரும்பு உருக்கிய உலைகள். பெரிய பலகைக் கற்களால் அமைத்த ஈமச் சின்னங்கள். ஆதன், சாத்தன் போன்ற பெயர்களைக் கீறிய நூற்றுக்கணக்கான பானை ஓடுகள். மண்பாண்டம் வைத்திருந்த சாதாரணக் குடும்பங்களின் வீடுகளிலும் எழுத்து புழங்கியிருக்கிறது என்பதற்கு அந்த ஓடுகள் சான்று.

பச்சைக்கல்லுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. காங்கேயத்துக்குப் பக்கத்தில் படியூரிலேயே அது கிடைத்தது. மேற்குக் கடற்கரை முசிறியில் இறங்கிய வணிகர் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஏறி, வெள்ளலூர், கொடுமணல் என்று கருவூர் சேர்ந்தார்கள். 1842-இல் கோவைக்கு அடுத்த வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்தன, பிறகும் கிடைத்தன. ரோமாபுரியின் பிளினி, இந்தியா, சீனம், அரேபியா மூன்றும் சேர்ந்து தங்கள் பேரரசிலிருந்து ஆண்டுக்கு 10 கோடி செஸ்டெர்ஸ் பணத்தை உறிஞ்சிக்கொள்கின்றன என்று முதலாம் நூற்றாண்டில் புலம்பினார். சீனத்து வூ பேரரசனின் காலந்தொட்டே அந்நாட்டுத் தூதர்கள் பொன்னும் பட்டும் ஏற்றிக்கொண்டு தென்கடல் வழியாக ஹுவாங்ஷி என்ற நாடு வரை வந்து, முத்தும் அரிய கற்களும் வாங்கிப்போனதாக ஹான் வரலாற்று நூல் சொல்கிறது. அந்த நாட்டைக் காஞ்சிபுரம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. கிழக்கும் மேற்கும் தேடி வந்த பொருள்களில் ஒரு பங்கு நொய்யல் கரையில் உருவானது. இரும்பொறைகளின் செல்வத்துக்கு ஊற்று இதுதான்.

தகடூர்

பெருஞ்சேரல் இரும்பொறையின் பெயருக்கு முன்னால் எப்போதும் ஓர் அடைமொழி உண்டு: தகடூர் எறிந்த. தகடூர் என்றால் இன்றைய தருமபுரி. அங்கே ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்குக் கொடுத்தவன். அவன் குடி சின்னக் குடியும் அல்ல. அசோகனின் பாறை ஆணை சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்துச் சத்தியபுத்திரர் என்று ஒருவரைச் சொல்கிறது. அது யார் என்று ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருந்தபோது, 1981-இல் திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் ஜம்பையில் ஒரு கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி என்று அதில் இருந்தது. மூவேந்தருக்கு நிகராக அசோகன் மதித்த குடி அது.

இப்படிப்பட்ட இருவர் ஏன் மோதினார்கள்? சங்கப் பாடல்களைக் கோத்துப் பார்த்த உரையாசிரியர்களும் வரலாற்றாசிரியர்களும் ஒரு வரிசை சொல்கிறார்கள். அதியமான் திருக்கோவலூரைத் தாக்கி மலையமான் திருமுடிக்காரியை வென்றான். காரி சேரர் பக்கம் வந்தான். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைக் காரி கொன்று, மலையைச் சேரருக்குக் கொடுத்தான். கொல்லி சேரன் கைக்கு வந்ததும் அடுத்த கோட்டையாக எதிரே நின்றது தகடூர். எட்டாம் பத்தின் பதிகம் சொல்வது: கொல்லிக் கூற்றத்தில் நடந்த போரில் அதியமானையும் அவனுக்குத் துணைவந்த இரு பெருவேந்தரையும் ஒருசேர வென்று, அவர்களின் முரசையும் குடையையும் கைப்பற்றி, பிறகு தகடூரை அழித்தான். கோவையிலிருந்து சேலம் போகும் சாலையையும் அங்கிருந்து தருமபுரி ஏறும் சாலையையும் மனதில் வைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். மேற்குக் கடலில் இருந்து வரும் பொருள் வடக்கே போகும் வாயில் தகடூர். அதைப் பிடித்தவன் கையில் வழியும் சுங்கமும்.

இந்தப் போரைப் பற்றித் தகடூர் யாத்திரை என்று தனி நூலே இருந்தது. முழு நூல் அழிந்துபோய், பிற்காலத் தொகுப்பான புறத்திரட்டில் சில பாட்டுகள் மட்டும் தப்பியிருக்கின்றன.

இங்கே கொங்கு நாட்டுத் தமிழாசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரு சங்கடம் வரும். வென்றவன் நம்மவன், தோற்றவனும் நாம் உயிராக நினைப்பவன். நெல்லிக்கனிக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், அந்த அதியமானின் ஊரை நம் ராஜாதான் அழித்தார் என்றால் முகம் வாடிப்போவார்கள். "அப்ப நம்ம ராஜா கெட்டவருங்களாம்மா?" என்று ஒரு பெண் கேட்டாள். அவளுக்கு நான் புறநானூற்றின் 230-ஆவது பாட்டைப் பதிலாகச் சொன்னேன்.

அந்தப் பாட்டு, தகடூர்ப் போரில் அதியமான் பக்கம் நின்று வீழ்ந்த எழினி என்ற வீரனுக்கு இரங்கல். அவன் காவலில், கன்றோடு மேய்ந்த பசுக்கள் காட்டிலேயே படுத்துத் தூங்கின. வழிநடந்து களைத்தவர்கள் விரும்பிய இடத்தில் தங்கினார்கள். களத்து நெற்குவியலுக்குக் காவல் தேவைப்படவில்லை. அப்படிப்பட்டவனை இழந்து, பெற்ற தாயைப் பிரிந்த குழந்தையைப்போலச் சுற்றம் தவிக்கிறது. பிறகு புலவர் எமனைப் பார்த்துப் பேசுகிறார். விளைச்சல் கெட்ட உழவன் அடுத்த பருவத்து விதைநெல்லைச் சமைத்துத் தின்றதுபோல் செய்துவிட்டாய். இவனை விட்டுவைத்திருந்தால் இவன் போர்க்களங்களில் பகைவர் உயிரை நீ வயிறாரத் தின்றிருக்கலாமே என்கிறார்.

இந்த இரங்கலைப் பாடியவர் யார்? அரிசில்கிழார். தகடூரை அழித்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பத்துப் பாட்டுப் பாடிய அதே அரிசில்கிழார்.

வெற்றிக்குப் பாடியவரே வீழ்ந்தவனுக்கும் பாடினார். எதிரியின் ஆட்சி நல்லாட்சி, அவன் நாட்டில் திருட்டுப் பயமே இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார். வெற்றியைக் கொண்டாடும் மன்னனுக்கு இதைவிடக் கசப்பான சொல் என்ன இருக்க முடியும்? அப்படிப்பட்ட புலவரை அந்த மன்னன் எந்த இடத்தில் வைத்தான் என்பதையும் பதிகமே சொல்கிறது.

அரியணையும் விசிறியும்

அரிசில்கிழார் பாடி முடித்ததும் பெருஞ்சேரல் இரும்பொறையும் அவன் தேவியும் அரண்மனையை விட்டு வெளியே வந்து நின்றார்கள். உள்ளே இருப்பது எல்லாம் உங்களுடையது என்றார்கள். 9 லட்சம் காணம் பொன்னோடு அரசுகட்டிலையும் கொடுத்தார்கள். புலவர் அரியணையை ஏற்கவில்லை. நீயே ஆள வேண்டும் என்று மன்னனை இரந்து கேட்டுக்கொண்டு, அவனுக்கு அமைச்சராக இருக்க இசைந்தார். பரிசுக் கணக்கில் மிகை இருக்கலாம். ஆனால் தோற்றவனின் நல்லாட்சியை வாய்விட்டுச் சொன்ன ஒருவரைக் கொங்கு வேந்தன் தன் அருகில் அமைச்சராக அமர்த்தினான் என்று அந்த மரபு நினைவில் வைத்திருக்கிறது. புகழ்பாடிகளை மட்டும் வைத்துக்கொள்கிற அரசனுக்கு இப்படி ஒரு நினைவு எழாது.

இன்னொரு நிகழ்ச்சி புறநானூற்றின் 50-ஆவது பாட்டில். அரசனின் வீரமுரசு தெய்வத்துக்கு ஒப்பானது. அதற்குத் தனிக் கட்டில் உண்டு. முரசை நீராட்ட எடுத்துப் போயிருந்த நேரத்தில், பரிசில் நாடி நெடுந்தூரம் நடந்துவந்த மோசிகீரனார் அந்தக் கட்டிலைப் பார்த்தார். எண்ணெய் நுரையை மொண்டு ஊற்றியதுபோல் மெத்தென்று பூப்பரப்பிய கட்டில். இன்னது என்று அறியாமல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். முரசுகட்டிலில் கால்வைத்தவனுக்குத் தண்டனை வாளால் இரண்டு துண்டு. தகடூரைத் தரைமட்டமாக்கிய வேந்தன் வந்து பார்த்தான். வாளை எடுக்கவில்லை. விசிறியை எடுத்துத் தூங்குகிறவருக்கு வீசினான். கண்விழித்த புலவர் பாடியதுதான் அந்தப் பாட்டு. என்னை வெட்டாமல் விட்டதே நீ தமிழ் அறிந்தவன் என்பதற்குப் போதும், அதோடு நிற்காமல் உன் வலிய தோளை உயர்த்தி வீசவும் செய்தாயே என்று வியந்தார்.

இந்தக் குணம் அவனோடு தொடங்கியதும் அல்ல. அவன் தந்தை செல்வக்கடுங்கோ வாழியாதன் ஒருமுறை கபிலரின் கையைப் பிடித்துப் பார்த்து, உங்கள் கை இவ்வளவு மென்மையாக இருக்கிறதே என்றான். அங்குசம் பிடித்தும் கடிவாளம் இழுத்தும் வில் வளைத்தும் உன் கை காய்த்துவிட்டது, உன்னைப் பாடுகிறவர்களின் கைக்குச் சோறு உண்பதைத் தவிர வேறு வேலை இல்லையே என்றார் கபிலர். புலவரின் கையைத் தொட்டுப் பேசிய வீட்டில் வளர்ந்தவன் விசிறி எடுத்ததில் வியப்பில்லை.

வரலாறு எழுதியவருக்குச் சீனத்தில் நேர்ந்தது

சின் ஷி ஹுவாங் எழுத்தையும் எடையையும் வண்டி அச்சின் அகலத்தையும் நாடு முழுதும் ஒன்றாக்கியவன். அந்த ஒழுங்கின் பயனைச் சீனம் இன்றுவரை அனுபவிக்கிறது. அதே மன்னன் கி.மு. 213-இல், பழைய நூல்களைச் சொல்லித் தன் ஆட்சியைக் குறைகூறுகிறார்கள் என்று நூல்களைத் தீயிலிடச் செய்தான். அவன் இறந்த நான்காம் ஆண்டு அவன் மரபே முடிந்துபோனது.

பின்னர் வந்த ஹான் மரபின் வூ பேரரசன் கி.மு. 141 முதல் 87 வரை 54 ஆண்டு ஆண்டான். மேற்கே பட்டுப் பாதையைத் திறந்துவிட்டவன் அவன். அவன் அவையில் இருந்த சிமா சியான்தான் சீன வரலாற்றின் தந்தை. முதல் பேரரசனைப் பற்றி நாம் இன்று அறிவதில் பெரும்பகுதி அவர் எழுதியது. கி.மு. 99-இல் லி லிங் என்ற தளபதி ஷியோங்நு நாடோடிப் படையிடம் தோற்றுச் சிறைப்பட்டான். அவையில் எல்லாரும் அவனைப் பழித்தபோது, சிமா சியான் ஒருவர் மட்டும் எழுந்து அவனுக்காகப் பேசினார். பேரரசன் அவருக்கு ஆண்மை நீக்கும் தண்டனை விதித்தான். அந்த அவமானத்தோடு உயிரை வைத்துக்கொண்டு அவர் எழுதி முடித்ததுதான் 130 அத்தியாயம் கொண்ட அந்த மாபெரும் வரலாற்று நூல்.

தோற்றவனுக்காக ஒருவர் பேசினார், அங்கே. தோற்றவனுக்காக ஒருவர் பாடினார், இங்கே. சீனப் பேரரசு கொங்கு நாட்டைப்போலப் பல மடங்கு பெரிது. அதன் ஏடுகளும் சாலைகளும் படைகளும் நம்மால் எண்ணிப்பார்க்க முடியாதவை. பெருஞ்சேரல் இரும்பொறையும் இரத்தம் சிந்திய அரசன்தான். தகடூரில் எத்தனையோ வீட்டில் விளக்கு அணைந்திருக்கும். அதை மறைத்து அவனைப் புனிதனாக்க நான் விரும்பவில்லை. ஆனால் அரசனுக்குப் பிடிக்காத உண்மையைச் சொல்கிறவருக்கு அவையில் என்ன இடம் என்று கேட்டால், கருவூர் தந்த விடை பேரரசுகள் தந்த விடையைவிட உயர்ந்தது.

கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது. தோற்று மாண்டவனை நாம் இத்தனை காலம் கழித்தும் கொண்டாடுகிறோம் என்பதில் எனக்கு நிறைவு உண்டு. அரிசில்கிழார் காட்டிய வழியும் அதுதான். அதே அன்பில் ஒரு பங்கு இந்த மன்னனின் தடங்களுக்கும் வேண்டும். ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டின் மேல் பெயர் எழுதாமல், சுண்ணாம்பு அடிக்காமல் காக்க ஊர்க்காரர்கள் பொறுப்பேற்க வேண்டும். கொடுமணலில் உழவு நிலங்களுக்கு நடுவே நிற்கும் ஈமச் சின்னங்களைக் கல்லுக்காகப் பெயர்க்க விடக்கூடாது. சாயக்கழிவால் பட்டதெல்லாம் போதும் என்று நொய்யலுக்காகக் குரல் கொடுப்பவர்கள், அது மணிக்கல் பட்டறைகளுக்குத் தண்ணீர் கொடுத்த ஆறு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பள்ளிச் சுற்றுலா என்றால் ஊட்டிக்கும் கேளிக்கைப் பூங்காவுக்கும் போகிற பேருந்து ஒருநாள் சென்னிமலை, கொடுமணல், கரூர், வேலாயுதம்பாளையம் என்று போகட்டும். கோவையில் காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். நம் பக்கம் ராஜாவே இல்லையா என்று எந்தக் கொங்குப் பிள்ளையும் இனிக் கேட்க வேண்டியதில்லை. நம் ராஜாவின் முன்னால் நின்று அவன் எதிரி நல்லவன் என்று சொல்ல முடிந்தது, சொன்னவர் அமைச்சரானார் என்று அவர்கள் தலைநிமிர்ந்து சொல்லட்டும்.